பழைய கான்கிரீட்டில் புதியது ஏன் ஒட்டாமல் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சில நாட்களுக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர் ஒருவர், தம் ஊர் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் செய்யப்பட்ட ஒட்டுவேலை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாமல் பெயர்ந்து விழுந்ததைச் சொல்லி, சிமெண்டில் குறையா, மணலில் குறையா, இல்லை இரண்டிலும் கைவைத்துவிட்டார்களா என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மாவட்டத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து, அதில் பிற்பாதியைப் பழுதுபார்க்கும் வேலைகளிலேயே கழித்தவன் என்ற முறையில் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கலப்படம் நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்த பெயர்ந்த ஒட்டுகளில் பெரும்பாலானவை நல்ல கெட்டியான கான்கிரீட்டாகவே இருந்தன. ஒட்டிய துண்டு முழுசாக விழுகிறது, ஒட்டப்பட்ட சுவரும் முழுசாக நிற்கிறது என்றால், இரண்டும் சந்தித்த இடத்தில்தான் குறையைத் தேட வேண்டும்.

சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு குளத்து மடையில் நான் கண்டதைச் சொன்னால் இது விளங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழையை, இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வெள்ளத்தில் மடையின் பக்கச்சுவர் மூலை உடைந்து, மேற்பரப்பும் அரித்துப்போனது. அடுத்த கோடையில் பலகை அடித்துப் புதிய கான்கிரீட் போட்டார்கள். மறு கோடையில் அதில் ஒரு பெரும் துண்டு பாளமாகப் பெயர்ந்து மடைக்குள் கிடந்தது. ஊர்க்காரர்கள் என்னை அழைத்துக் காட்டினார்கள். துண்டைப் புரட்டச் சொன்னேன். அடிப்புறம் வார்ப்புத் தட்டில் ஊற்றி எடுத்ததுபோல வழவழப்பாக இருந்தது. நகத்தால் கீறினால் காவி நிறத்தில் மாவாக உதிர்ந்தது. அது வெள்ளம் விட்டுப்போன வண்டல். சுவரிலும் அதே காவிப் படலம், அதன்மேல் யாரோ தென்னந்துடைப்பத்தால் ஒரு முறை இழுத்த கோடுகள்கூட அப்படியே பதிந்திருந்தன. உடைந்த மூலையிலோ கதை வேறாக இருந்தது. அங்கே வெள்ளமே பழைய கான்கிரீட்டை உடைத்து ஜல்லியை வெளிக்காட்டியிருந்தது. அந்த இடத்தில் போட்ட புதிய கான்கிரீட்டைச் சுத்தியல் கொண்டு அடித்தபோது ஒட்டு விடவில்லை, பழைய சுவரின் சதையையும் சேர்த்துக்கொண்டுதான் உடைந்தது. ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே கொத்தனார் கையால் நடந்த வேலை அது. சிமெண்டைக் குறைசொல்வதற்கு அங்கே இடமே இல்லை.

புதிய கான்கிரீட் பழையதோடு உருகி ஒன்றாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பழைய கான்கிரீட்டில் சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. புதிய கலவையின் சிமெண்ட் இறுகும்போது அதில் வளரும் நுண்ணிய படிகங்கள் பழைய பரப்பின் நுண்துளைகளுக்குள்ளும் மேடு பள்ளங்களுக்குள்ளும் வேர் விட்டுப் பற்றிக்கொள்வதுதான் ஒட்டு என்பதில் பெரும்பகுதி. ஆகவே பற்றிக்கொள்ளத் துளை திறந்திருக்க வேண்டும், பற்றும் இடம் உறுதியாக இருக்க வேண்டும், நடுவே வேறொன்றும் இருக்கக் கூடாது. வெள்ளம் கொண்டுவந்த மண்ணை நாம் கண்ணால் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டே தன் மேல் ஒரு படலத்தை விட்டுவைக்கிறது. தளம் போட்ட அன்று தண்ணீர் மேலே கசிந்து வரும்போது நுண்ணிய சிமெண்டையும் மணல் தூசியையும் இழுத்துக்கொண்டு வந்து மேற்பரப்பில் பால் ஏடுபோல விட்டுவிடுகிறது. கலவையில் தண்ணீர் கூடக்கூட இந்த ஏடும் தடிக்கிறது. கழுவாத எம்-சாண்டின் தூசியும் இதற்குத் துணைபோகிறது. பார்வைக்கு வழவழவென்று அழகாக இருக்கும்; வலுவில் அது சுண்ணாம்புக் கட்டிக்கு நெருக்கம். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த கலவையைப் போட்டாலும், ஒட்டுவது ஏட்டோடுதானே ஒழிய, அடியில் இருக்கும் கான்கிரீட்டோடு அல்ல.

அதனால்தான் கொத்திவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கொத்தவும் செய்கிறார்கள். ஆனால் கொத்துகிற விதத்தில்தான் பிழை. ஒரு சாணுக்கு ஓர் இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல் புள்ளி வைத்துவிட்டுக் கொத்தியாயிற்று என்கிறார்கள். தழும்புக்கும் தழும்புக்கும் நடுவே அந்த ஏடு அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் தெருவில் “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் கல்லைக் கொத்தும் நேர்த்தியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வழவழப்பாகத் தேய்ந்த பரப்பில் ஒரு விரல்கடை இடம்கூட விடாமல் வரிசையாகக் கொத்திக்கொண்டே போவார்கள். கான்கிரீட்டையும் அப்படித்தான் கொத்த வேண்டும். ஜல்லியின் முகம் எங்கும் தெரிய வேண்டும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வேறுபாடு வர வேண்டும். இந்த 6 மில்லிமீட்டர் என் கற்பனை அல்ல. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வடிவமைப்பு நெறிமுறை, இந்த அளவுக்குச் சொரசொரப்பாக்கப்பட்ட சுத்தமான பழைய பரப்பின் மேல் புதிய கான்கிரீட் வழுக்காமல் நிற்பதற்கான உராய்வுக் கெழுவை 1.0 என்று கொள்ள அனுமதிக்கிறது, சொரசொரப்பாக்காவிட்டால் 0.6 தான். அதாவது இரண்டையும் தைத்துப் பிடிக்கும் கம்பி அதே கம்பியாக இருக்க, உளிவேலை இல்லாத ஒரே காரணத்தால் தாங்குதிறனில் ஐந்தில் இரண்டு பங்கு கணக்கிலிருந்தே கழிந்துபோகிறது.

கொத்துவதற்கு இப்போது பிரேக்கர் என்னும் உடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடியும், உண்மை. ஆனால் கனமான பிரேக்கர் கொண்டு மெல்லிய தளத்தை அதிரவைத்தால், மிஞ்சி நிற்கும் கான்கிரீட்டின் மேல்தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் பரவுகின்றன. பிறகு ஒட்டு நன்றாகவே பிடிக்கும். அதற்குச் சற்று உள்ளே, கீறல் விட்ட அடுக்கோடு சேர்ந்து பெயரும். பெரும்பகுதியைப் பிரேக்கரால் எடுத்தாலும் கடைசிப் பகுதியைக் கைஉளியாலோ சிறிய கருவியாலோ எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, அழுத்தமான நீர்ப் பீச்சலால் கழுவி முடிப்பதே நான் கடைப்பிடித்த வழக்கம். வாகனம் கழுவும் நிலையங்களில் இருக்கும் பம்பு போன்ற ஒன்றை வாடகைக்கு எடுத்தாலே தூசியை வெளியேற்றப் போதும். துடைப்பம் மட்டும் போதாது. துடைப்பம் தூசியைத் துளைக்குள் தள்ளித்தான் அடைக்கிறது. ஒட்டின் ஓரங்களையும் மெல்லிய விளிம்பாகத் தேய்த்து முடிக்காமல், கட்டர் கொண்டு நேர்கோடாக வெட்டி, 20 மில்லிமீட்டர் ஆழமாவது கிடைக்கும்படி செய்ய வேண்டும். காகிதம்போல் மெலிந்த விளிம்புதான் முதலில் காய்ந்து முதலில் சுருண்டு எழும்புகிறது.

அடுத்தது ஈரம். இதில்தான் நம் கொத்தனார்களோடு எனக்கு அதிக வாக்குவாதம் நடந்திருக்கிறது. காய்ந்து கிடக்கும் பழைய கான்கிரீட், காய்ந்த செங்கல்லைப் போலவே, புதிய கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; ஒட்ட வேண்டிய அந்த மெல்லிய அடுக்குச் சிமெண்ட் தண்ணீர் கிடைக்காமல் இறுகாமலே நின்றுவிடும். இதற்குப் பயந்து வேலை தொடங்கும் நேரத்தில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினால், தேங்கிய தண்ணீர் அதே அடுக்கை நீர்த்துப்போகச் செய்து நலிவாக்கிவிடும். உள்ளே துளைகள் நிறைந்திருக்க வேண்டும், மேலே நீர்ப்படலம் இருக்கக் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் கட்டுமான இணைப்புகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்த நிலையைத்தான் கேட்கிறது. நடைமுறையில் இது பெரிய வித்தை அல்ல. முதல் நாள் மாலையே நன்றாக நனைத்து, இரவு முழுக்க ஈரச்சாக்கைப் போர்த்தி வைத்து, காலையில் சாக்கை எடுத்துப் பள்ளங்களில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்தால், பரப்பின் பளபளப்பு மறைந்து கறுத்த நிறம் மட்டும் நிற்கும். உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் கான்கிரீட் போடும் வேளை.

சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சிமெண்ட் பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “அண்ணாச்சி, சிமெண்ட் பால் ஊத்தியாச்சுல்லா, இனி அது எங்க போகும்?” என்று என்னிடம் கேட்காத கொத்தனார் இல்லை. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அதே தர நிர்ணயத்தின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பே செங்குத்தான இணைப்புக்குச் சிமெண்ட் பால் பூசவும், படுக்கையான இணைப்புக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பரப்பவும் சொன்னது; அவர்களுடைய குருமார்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அந்தப் பதிப்பும், அப்போதே கலந்ததாக, கான்கிரீட் போடுவதற்கு உடனடி முன்பாக என்று நிபந்தனை விதித்திருந்தது. நம் வழக்கத்தில் பாலை ஊற்றிவிட்டு டீ குடித்து வருகிறார்கள். பங்குனி வெயிலில் கால்மணி நேரத்தில் அது வெளுத்துக் காய்ந்து தூளாகிவிடுகிறது. அந்தத் தூளின் மேல் போடும் கான்கிரீட், மா தூவிய பலகையில் இட்ட சப்பாத்திபோல ஒட்டாமல் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. பால் பூசத்தான் வேண்டும் என்பவர்கள், குழைவாகக் கலந்து, தூரிகையால் அழுத்தித் தேய்த்து, ஒருவர் பூசிக்கொண்டே போக மற்றவர் பின்னாலேயே கான்கிரீட்டைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். அது முடியாவிட்டால், பூசாமல் இருப்பதே நல்லது.

கடைகளில் டின்னில் விற்கும் ஒட்டுரசாயனங்களுக்கும் இதே விதிதான். வெள்ளைப் பசை வகையைச் சேர்ந்தவற்றில் சில, பிறகு ஈரம் பட்டால் திரும்பவும் இளகிவிடக்கூடியவை. மொட்டைமாடிக்கும் தொட்டிக்கும் மடைக்கும் அவை ஆகாது. எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்னும் செயற்கை ரப்பர் பால், அக்ரிலிக் வகைகள் ஈரத்தைத் தாங்கும். எபாக்சி இவற்றில் வலுவானது, ஆனால் அதன் இரண்டு பாகங்களையும் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் டின்னில் எழுதிய நேரத்தைவிட முன்பாகவே இறுகிவிடும். பிசுபிசுப்பு இருக்கும்போதே கான்கிரீட் அதன்மேல் விழவில்லை என்றால், கண்ணாடித் தகட்டைப் பரப்பி அதன்மேல் கான்கிரீட் போட்டதற்குச் சமம். கொத்தாத, கழுவாத பரப்பைக் காப்பாற்றும் ரசாயனம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. செலவழிக்கப் பணம் இருந்தால் டின்னுக்குக் கொடுப்பதைவிட இரண்டு சித்தாள் கூலிக்குக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். விற்பனையாளர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒட்டு நன்றாகப் பிடித்த பிறகும் அதைப் பிரிக்க ஒரு சக்தி ஓயாமல் வேலை செய்கிறது. பழைய கான்கிரீட் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி அடங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் சுருங்கப்போகிறது. வேறு சோதனை விவரம் இல்லாதபோது மொத்தச் சுருக்கத்தை நீளத்தில் 0.0003 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது நம் தர நிர்ணயம். 3 மீட்டர் நீளமுள்ள ஒரு சன்ஷேடு ஒட்டு, தன்னிச்சையாக விடப்பட்டால், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் குறுகும். அடியில் இருக்கும் பழைய சன்ஷேடு அசையாமல் நிற்பதால் இந்த இழுவை முழுவதும் ஒட்டின் மேல், குறிப்பாக ஓரங்களின் மேல் வந்து விழுகிறது. இழுவையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.45, இதில் ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் அடக்கம். குழைவு போதாவிட்டால் அதற்கான கலவைப் பொருளைச் சேர்க்கலாம், டியூப்பை எடுத்துக் கலவைக்குள் விடக் கூடாது. சிமெண்டைக் கூட்டிப்போட்டால் ஒட்டும் என்று எண்ணிப் பணக்காரக் கலவை போடுவதும் தவறு, அதுவும் அதிகமாகச் சுருங்கும்.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பகைவன் காற்று. வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கங்களில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதற்கு நல்லது; காலையில் போட்ட ஒட்டின் ஈரத்தை மதியத்துக்குள் உறிஞ்சிவிடுவதற்கும் அதே காற்றுதான். அந்தப் பக்கத்தில் வேலை செய்யும்போது மட்டத்தைத் தேய்த்து முடித்த உடனே பாலித்தீன் விரித்து, ஓரத்தில் கல் வைத்து, பிறகு சாக்குக்கு மாறுவது என் வழக்கம். வெறும் சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது குறைந்த அளவு. வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது, கலப்புச் சிமெண்டாக இருந்தால் 14 நாள் நல்லது என்றும் அதே இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் கலப்புச் சிமெண்ட்தான். ஆனால் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துபவர்கள்கூடச் சிறிய ஒட்டு என்றால் இரண்டு நாள் மக்கைக் கொண்டு தெளித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மெல்லியதற்குத்தான் அதிகம் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

துருப்பிடித்த கம்பி இருந்தால் மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தும் ஒட்டு நிற்காது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பது. அது உள்ளிருந்து தள்ளும்போது எந்த ஒட்டும் தாங்காது. கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசாமல், பின்பக்கமும் விரல் நுழைய, அதாவது சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி கொத்தி, சுற்றிலும் துருவை எடுத்து, புதிய கான்கிரீட் கம்பியை முழுவதும் சூழும்படி செய்ய வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்பு பழைய கான்கிரீட்டுக்குள்ளேயே ஊறியிருக்கும். அங்கே உப்புப் பகுதியை விட்டுவைத்து நடுவில் மட்டும் நல்ல ஒட்டுப் போட்டால், ஒட்டை அடுத்த பழைய பகுதியில் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது. மீனவர் வீடுகளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஒட்டுப் போட வேண்டி வருவது இதனால்தான். 1843-இல் திறக்கப்பட்ட நம் சுலோச்சன முதலியார் பாலம் போன்ற பழைய சுண்ணாம்புக் கட்டுமானங்களுக்கு இக்கடிதத்தில் சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள்தான் கை வைக்க வேண்டும்.

இவ்வளவும் பொறியாளர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். நடக்காததற்குக் காரணம் வேறு. ஓர் உள்ளாட்சி அமைப்பின் பாலப் பழுதுவேலைக்கு நான் மதிப்பீடு தயாரிக்க உதவியபோது, பழைய பரப்பைக் கொத்திக் கழுவி ஈரப்படுத்தும் வேலையைச் சதுர மீட்டர் கணக்கில் தனி இனமாகச் சேர்த்திருந்தேன். அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, “கான்கிரீட் விலையிலேயே அடக்கம்” என்ற குறிப்போடு திரும்பியது. விலையில் அடக்கமான வேலைக்கு யாரும் ஆள் விடுவதில்லை. கன மீட்டருக்குத்தான் பணம் என்றால் கன மீட்டரைத்தான் ஒப்பந்ததாரர் பார்ப்பார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் கூலியைத் தம் கையிலிருந்து கொடுக்க அவருக்கு என்ன வேண்டுதலா? ஆகவே மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிப் பொறியாளர்களும் இந்த வேலையைத் தனி இனமாக்கி அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்றும், பலகை அடைப்பதற்கு முன் கொத்திய பரப்பை நேரில் பார்த்துப் படம் எடுத்து வைத்த பிறகே கான்கிரீட் போட அனுமதிக்க வேண்டும் என்றும், 28 நாள் கழித்து ஒட்டு முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றுப் பானைபோல ஓசை வரும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, அவற்றைச் சரிசெய்த பிறகே இறுதிப் பட்டியலுக்குப் பணம் தர வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய பாலங்கள் என்றால், இரும்பு வில்லையை ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் எவ்வளவு விசைக்குப் பிரிந்தது என்பதோடு, எந்த இடத்தில் பிரிந்தது என்பதையும் கட்டாயம் குறிக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் வாசகருக்கு ஒன்று. விழுந்த துண்டு இன்னும் வாய்க்கால் கரையில் கிடந்தால், மனு எழுதுவதற்கு முன் அதைப் புரட்டிப் பாருங்கள். அடிப்புறம் மண்ணாக உதிர்ந்தால் கழுவவில்லை. வழவழப்பாக, பழைய பலகையின் வரிகள் அப்படியே அச்சாகப் பதிந்து வந்திருந்தால் கொத்தவில்லை. வெண்ணிறத் தூள் கையில் ஒட்டினால் சிமெண்ட் பாலை ஊற்றிவிட்டுக் காயவிட்டிருக்கிறார்கள். பழைய ஜல்லியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒட்டுவேலை செய்தவரை விட்டுவிடுங்கள். உங்கள் பாலத்தின் பழைய சுவரே நலிந்திருக்கிறது, இன்னும் ஆழமாகக் கொத்த வேண்டும். எதுவாக இருந்தாலும் அந்த அடிப்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
பாளையங்கோட்டை.